கொய்யாவும் முருங்கைக்கீரையும் இருக்கையில் கேப்சூல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளம்பெண்களின் உடலில் வெளியே தெரியாமல் நீடிக்கும் மெல்லிய அழற்சியை (உடலின் தற்காப்பு எதிர்வினையான இன்ஃபிளமேஷனை) பற்றியும், அதைத் தணிக்க உதவும், செல்களைச் சிதைவிலிருந்து காக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் உணவுகளைப் பற்றியும் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இருபது வயதுப் பெண்ணும் இதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதியது மிகவும் தேவையான செய்தி. ஆனால், அதில் சொல்லியிருந்த புளூபெர்ரியும் ஆன்டி-ஆக்சிடன்ட் கேப்சூலும் பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டாதவை. எட்டினாலும் கேப்சூல் வேண்டாம் என்பதே என் கருத்து.

காயும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில், அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அத்தகையவர்கள் பெரும்பாலும் உடல் எடையையும் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் என்பதால், பலன் முழுவதையும் வைட்டமின் சி, கரோட்டின் போன்ற ஆன்டி-ஆக்சிடன்ட் சத்துகளின் கணக்கில் சேர்த்துவிட முடியாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தி 1994-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியது. புகைக்காத இளம்பெண்களுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது என்றாலும், சத்துதானே, என்ன கெடுதல் செய்துவிடும் என்று மாத்திரை வாங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

கட்டுரை தொடாமல் விட்ட ஒன்று ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்புச்சத்து ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் தேறாத பெண்ணைப் பார்த்து, நீ மாத்திரையைத் தூர எறிகிறாய் என்று கடிந்துகொள்வதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் அழற்சியின்போது உயர்ந்துவிடுவதால், பற்றாக்குறை சோதனையில் மறைந்துபோகக்கூடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் அழற்சியையும் சேர்த்து அளக்கச் சொன்னது. விரலில் குத்தி ஹீமோகுளோபினை மட்டும் பார்க்கும் முகாம்களில் இது தெரியவே வராது.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பெண்களின் டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். காய் என்று இருந்தால் உருளைக்கிழங்கு வறுவல். விடியற்காலையில் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களுக்கு அதுவும் இல்லை, நீராகாரத்தோடு போகிறவர்கள் பலர். உப்புத்தண்ணீர் ஊரில் கீரைப்பாத்தி போடுவது எளிதல்ல. ஆனால் முருங்கை வறட்சியைத் தாங்கிக் கொல்லையில் நிற்கிறது. காய்க்கு இருக்கும் மதிப்பு கீரைக்கு இல்லை. அதை உருவி, அலசி, வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாமல், கொஞ்சம் எண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கித் தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் போதும். எண்ணெய் சேர்ந்தால்தான் கரோட்டின் உடம்பில் ஒட்டும். வைட்டமின் சி சூட்டில் குறைந்துவிடுவதால் அதற்குக் கொய்யாவே மேல். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 65 மில்லிகிராம்தான். கொய்யாவைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் கீரையிலுள்ள இரும்பும் கூடுதலாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடலாம். அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த சாளை மலிவாகக் கிடைக்கும் நாட்களில், வீட்டுப் பெண்களுக்கும் இரண்டு துண்டு ஒதுக்கி வைக்கலாம்.

மகளிர் விடுதிகளின் உணவுப் பட்டியலில் வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரையும் தினமும் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்க்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். தங்கள் இதழும் அடுத்த கட்டுரையில், இந்தக் கரையில் கிடைக்கும் உணவுகளை அவற்றின் அளவோடும் சமைக்கும் முறையோடும் எழுதி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மண்டபம்.