'ரெச்சே' குளிர்ந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பிதழின் சொல் வரலாற்றுப் பகுதியில், 'சமீபத்திய' என்று பொருள்படும் ருமேனியச் சொல்லான 'ரெச்சென்ட்' லத்தீனில் இருந்து வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தப்பில்லை, ஆனால் சுவையான பாதி விட்டுப்போயிருக்கிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ருமேனியாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறான். அங்கே கடையில் ஜில்லென்று தண்ணீர் வேண்டுமானால் 'ரெச்சே' என்று சொல்லிக் கேட்க வேண்டுமாம். இதற்கும் மூலம் அதே லத்தீன் 'ரெகென்ஸ்' தான். புதியது, அப்போதுதான் எடுத்தது என்று பொருள். அப்போதுதான் ஊற்றில் மொண்ட தண்ணீர் குளிர்ச்சியாகத்தானே இருக்கும், கத்திரி வெயிலில் வேலூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் தண்மையான நீரைத் தண்ணீர் என்று சொல்லத் தொடங்கி, குளிர்ச்சியை மறந்து 'சுடுதண்ணி' வரை வந்துவிட்டோம். அவர்கள் புதுமையை விட்டுவிட்டுக் குளிர்ச்சியைப் பிடித்துக்கொண்டார்கள்.

கி.பி. 106இல் ரோமப் பேரரசர் டிராஜன், இன்றைய ருமேனியா இருக்கும் டேசியாவை வென்ற பிறகு அங்கே குடியேறியவர்கள் பேசிய லத்தீன், வாய்வழியாகவே தேய்ந்து வந்ததில் கிடைத்தது 'ரெச்சே'. 'ரெச்சென்ட்' அப்படி வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில், ரஷ்ய மொழிக்கு வழங்கும் சிரிலிக் எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிய அதே காலத்தில், பாரிசில் படித்துத் திரும்பியவர்கள் பிரெஞ்சுச் சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் வந்தது இது.

எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிக்க ஒலியே போதும். லத்தீனில் 'க்ட்' வரும் இடத்தில், வழிவழியாக வந்த ருமேனியச் சொல்லில் 'ப்ட்' வரும். எட்டு என்பதற்கு லத்தீனில் 'ஒக்டோ', அவர்களுக்கு 'ஒப்ட்'. அதே மாதிரி நேர், வலது என்றெல்லாம் பொருள் தரும் 'த்ரெப்ட்' பழைய சொத்து. கூடவே இருக்கும் 'திரெக்ட்' பிரெஞ்சு தந்தது, அதனால்தான் அதில் 'க்ட்' குலையாமல் இருக்கிறது. நம்மிடமும் பிராகிருதம் வழியாக வந்த வண்ணமும் நேரே சமஸ்கிருதத்தில் இருந்து எடுத்த வர்ணமும் சேர்ந்தே புழங்கவில்லையா?

அதனால் மூலத்தை மட்டும் போடாமல், யார் கை மாறி வந்தது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த வாரம் 'சாவி' என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை நமக்குத் தந்தவர்கள் போர்ச்சுக்கீசியர், அவர்களுக்கு அது லத்தீன் 'கிளாவிஸ்' வழியாக வந்தது, அதே சொல் ருமேனியாவில் 'கெயே'. மூன்றையும் சேர்த்தே போடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.