2025-26 ஆண்டறிக்கை: குறள் மன்றத்தின் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை நீளம் என்று சொன்னவர்கள் இந்த முறையும் சொல்வீர்கள், பரவாயில்லை. வந்திருப்பவர்கள் கேளுங்கள். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன், அவர்கள் கட்டைவிரல் போடுவார்கள்.

முதலில் வழக்கமானவை. மாதம் ஓர் அதிகாரம் வீதம் குறள் வாசிப்பு நடந்தது, மழை மாதத்தில் மட்டும் இல்லை. தை மாதம் திருவள்ளுவர் நாளன்று பிள்ளைகளுக்கு ஒப்பித்தல் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தோம். செயற்குழு கூடவேண்டிய அளவுக்குக் கூடியது, கோரத்துக்கு வேண்டிய ஆட்கள்தான் சில தடவை இல்லை.

இனி வள்ளுவர் கோட்டம் விஷயம். கோட்டம் திறந்து 2026 ஏப்ரல் 15 அன்று 50 வருடம் ஆகிறது, நம் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம், மன்றத்தின் பெயரிலேயே குறள் இருக்கிறது, ஆகவே ஒரு சிறு புத்தகமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடையும் செய்வோம் என்று போன ஜூலையில் நான்தான் சொன்னேன். அதற்கு முந்தின மாதம்தான் சுமார் 80 கோடி செலவில் புதுப்பித்துத் திறந்திருந்தார்கள், நல்ல சமயம். எல்லோரும் கைதட்டினீர்கள். அப்புறம் எழுத உட்கார்ந்தபோது என்னைத் தவிர யாரும் இல்லை.

சரி, எழுதினேன். வந்த முதல் ஆட்சேபணை, இதெல்லாம் அரசு போட்ட பலகையிலேயே இருக்குமே, நாம் ஏன் எழுதவேண்டும் என்பது. இரண்டாவது, திறப்பு விழா கதையை எழுதினால் அரசியலாகிவிடும் என்பது. இரண்டாவதுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1974-இல் கலைஞர் முதல்வராக இருந்தபோது தொடங்கிய வேலை. 1976 ஜனவரி 31 அன்று அவர் ஆட்சியைக் கலைத்தார்கள். ஏப்ரல் 15 அன்று குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது வந்து திறந்துவைத்தார், கட்ட வைத்தவர் மேடையில் இல்லை. 13 வருடம் கழித்து 1989-இல் மறுபடி முதல்வரானபோது பதவியேற்பையே அங்கே வைத்துக்கொண்டார். இது அந்தக் கட்டடத்தின் வரலாறு. உறுப்பினர் யாருக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்பது என் புத்தகத்தில் வரவில்லை, இதை விட்டுவிட்டு எழுதச் சொன்னால் 1976 என்ற வருடத்தையே விட்டுவிடவேண்டும்.

வடிவம் பற்றித்தான் அதிகப் பக்கம் போயிற்று. வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி, பிற்காலத்தில் குமரியில் 133 அடி சிலை செய்தவரும் அவர்தான். அங்கே பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம்; சிலை 95 அடி, மற்ற இரண்டு பாலும் சேர்த்து. இங்கே கோட்டத்தில் அவர் எடுத்துக்கொண்டது திருவாரூர் ஆழித்தேர். தேர் 128 அடி உயரம், முன்னால் இழுப்பதுபோல் இரண்டு கல் யானைகள், அடிப்பகுதியில் குறள் கருத்துகள் புடைப்புச் சிற்பங்களாக. தேரில் சாமி உட்காரும் இடத்தில் வள்ளுவர். எந்தச் சமயத்தார் என்று இன்னமும் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு புலவரை, கோயில் தேரின் வடிவத்தை எடுத்து, அந்தத் தேருக்கு எந்தக் கோயிலும் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். நடையின்போது ஒரு பெரியவர், செருப்பைக் கழற்றவேண்டுமா என்று கேட்டார். கேட்டது நியாயம்தான், எனக்கும் உடனே பதில் வரவில்லை.

தேருக்குப் பக்கத்தில் அரங்கம், 220 அடிக்கு 100 அடி, நடுவில் தூண் கிடையாது, 4,000 பேர் உட்காரலாம் என்று கட்டியது. அரங்கத்தைச் சுற்றி மேலே ஓடும் தாழ்வாரத்துக்குக் குறள் மணிமாடம் என்று பெயர், 1,330 குறளும் கல்லில் வெட்டியது அங்கேதான். அதற்கும் மேலே வேயா மாடம், அதாவது மொட்டைமாடி. அங்கே ஏறினால்தான் தேருக்குள் இருக்கும் வள்ளுவர் நம் கண் மட்டத்துக்கு வருவார். கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் அவரைப் பார்க்காமலேயே போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறேன், இது பலகையில் எனக்குத் தெரிந்து இல்லை. கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரிக்குள். பக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். 1818-இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், குடிநீர்ப் பஞ்சத்துக்குக் கிணறுகள் வெட்டி, ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டில் ஒரு குறளைப் பொறித்தார்: "இருபுனலும் வாய்ந்த மலையும் வருபுனலும் வல்லரணும் நாட்டிற்கு உறுப்பு." 737-ஆவது குறள். அதே குறளை இங்கே தண்ணீர் இருந்த இடத்தைத் தூர்த்துவிட்டுக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். நடைக்கு வந்த ஒரு எட்டாம் வகுப்புப் பெண் எண்ணைச் சொன்னவுடன் ஓடிப்போய் அந்தக் கல்லைக் கண்டுபிடித்து, விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிப் படித்தாள். பக்கத்தில் இருந்த அவள் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார், அவர் நம் உறுப்பினர்.

நடை ஏப்ரலில் நடந்ததால் கணக்குப்படி அடுத்த ஆண்டு அறிக்கையில் வரவேண்டும் என்று ஒரு பாயிண்ட் எழுப்பப்பட்டது. உழைப்பு முழுக்க இந்த ஆண்டில் நடந்தது, ஆகவே இதில்தான் வரும். வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. சிலருக்கு வெயில், சிலருக்கு கல்யாணம், ஒருவருக்கு ஐபிஎல் பார்த்த அசதி. 4,000 பேருக்கு என்று கட்டிய அரங்கம், நாங்கள் ஒரு வேன் நிறையக்கூட இல்லை. கோட்டத்துக்கு வெளியே வழக்கம்போல ஒரு ஆர்ப்பாட்டம், அங்கே வந்திருந்த கூட்டத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

வரவு செலவு. வரவும் செலவும் ஏறத்தாழ சரிக்குச் சரி. புத்தக அச்சுச் செலவில் ஒரு பங்கு பழைய இருப்பிலிருந்து, ஒரு பங்கு நன்கொடை, மீதி இப்போதைக்கு என்னுடையது. பில்கள் பொருளாளரிடம் இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்க்கலாம். அச்சடிக்காமல் பிடிஎஃப் அனுப்பியிருக்கலாமே என்றவர்கள், பிடிஎஃப் அனுப்பிய போன வருட மலரை யாராவது திறந்தீர்களா என்று முதலில் சொல்லுங்கள். சந்தா மாதத்துக்கு 50 ரூபாய்தான். இரண்டு டீயும் இரண்டு வடையும் அதைவிட ஜாஸ்தி. ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரைப் படிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை, பட்டியல் பையில் இருக்கிறது.

நன்றி சொல்லவேண்டும். தலைவருக்கு, பொருளாளருக்கு, மாடி கொடுக்கும் வீட்டுக்காரருக்கு, நாற்காலி தூக்கிய தம்பிகளுக்கு, சுண்டல் கொடுத்த அம்மாவுக்கு, ஜெராக்ஸ் கடைக்காரருக்கு. விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த ஆண்டு அந்த எல்லிஸ் கல்வெட்டிலிருந்து மயிலாப்பூர் திருவள்ளுவர் கோயில் வரை ஒரு நடையும், அதற்கு ஒரு சிறு புத்தகமும் யோசனையில் இருக்கிறது. யோசனை என்னுடையது, ஆனால் நான்தான் செய்யவேண்டும் என்று இல்லை. இளையவர் யாராவது செயலாளர் பொறுப்புக்கு வந்தால் நோட்டு, முத்திரை, பீரோ சாவி எல்லாவற்றையும் இன்றைக்கே கொடுத்துவிடுவேன். போன வருடமும் இதையே சொன்னேன், அப்போது எல்லோரும் ஒரே குரலில் "நீங்களே இருங்க சார்" என்றீர்கள். இந்த வருடம் அப்படிச் சொல்கிறவர்கள் சந்தாவைக் கட்டிவிட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும். ரசீதுப் புத்தகம் டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஜிபேயும் உண்டு. நம் புத்தகம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பிரதி 40 ரூபாய், உறுப்பினர்களுக்கும் 40 ரூபாய்தான்.