பெயரடைவு இல்லாத நாடக நூல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தகக் காட்சியை ஒட்டி நீங்கள் வெளியிட்ட சினிமா, நாடக நூல்களின் பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் நட்சத்திரங்களின் வாழ்க்கைக் கதைகள். அது பரவாயில்லை, விற்கிறது, போடுகிறார்கள். ஆனால் பழைய நாடகக்காரர்களின் நினைவு நூல்கள் இரண்டை ‘மறுபதிப்பு’ என்ற ஒரு சொல்லோடு கடந்துபோய்விட்டீர்கள். மாவட்டத்து நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இரண்டையும் கேட்டு வருகிறவர்களோடு சேர்ந்து பக்கம் புரட்டிப் பழகியவன் என்பதால், அவற்றில் பெயரடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் கடைசியில் தரும் பட்டியல்) இல்லாத குறையைப் பற்றி எழுதுகிறேன்.

ஒன்று, பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’, ஆறு பாகம். மற்றது, 1972இல் வந்த அவ்வை டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். படித்து உத்தியோகம் பார்த்தவர்கள் ஆசைக்கு மேடையேறிய சபை அது. சண்முகமோ 1918இல், ஆறு வயதில், மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனிக்குள், அதாவது சிறுவர்களை வைத்து நடத்திய நாடகக் குழுவுக்குள், நுழைந்த பிள்ளை. அவருக்கும் அண்ணன்களுக்கும் நாடகம்தான் சோறு போட்டது. இந்த இரண்டு மேடைகளும் ஒன்றையொன்று எப்படிப் பார்த்தன என்று தெரிய வேண்டுமானால் இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சண்முகத்தின் நூலிலிருந்து எல்லோரும் எடுத்துச் சொல்வது, சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதிய கதை. இரவு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே இரவில் முடித்துவிட்டார் என்கிறார் சண்முகம். மேடைப் பேச்சாளர்கள் இதை விடுவதே இல்லை. எனக்கென்னவோ இதைச் சுற்றிக் கிடக்கும் பொடிச் செய்திகள்தான் பெரிதாகப் படுகின்றன. எந்த ஊரில் வசூல் படுத்தது, யார் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போனார்கள், ஸ்திரீபார்ட்டுக்கு, அதாவது பெண் வேடத்துக்கு, புதிதாக வந்தது யார், மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன்கள் என்ன ஆனார்கள். நாடக வரலாறு எழுதுகிறவருக்கு வேண்டியது இதுதான். ஆனால் தேவைப்படும்போது இது கையில் அகப்படாது. என்னிடமுள்ள மறுபதிப்புகளில் பெயரடைவு என்று ஒரு பக்கம்கூட இல்லை.

கும்பகோணம் பாலாமணி அம்மாளைப் பற்றி விசாரித்துக்கொண்டு ஆய்வு மாணவி ஒருவர் வந்தார். பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தியவர் பாலாமணி. அவருடைய ‘தாரா சசாங்கம்’ நாடகம் பார்க்க ஜனங்கள் ரயிலேறிப் போனார்கள் என்பார்கள். அவரைப் பற்றிய குறிப்புகள் பழையவர்களின் நினைவுகளில் இங்கே நாலு வரி, அங்கே நாலு வரி என்று சிதறிக் கிடக்கின்றன. அந்தப் பெண் தடித்தடியான புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தேடிக்கொண்டு போனார். மாலையில் நூலகம் மூடும் நேரத்தில் நோட்டில் இருந்தது ஒன்றரைப் பக்கம்.

மின்னூலாக இருக்கிறதே, தேடிக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். சண்முகம் தன் அண்ணன்களைப் ‘பெரியண்ணா’, ‘சின்னண்ணா’ என்றுதான் எழுதுகிறார். முறையே டி.கே. சங்கரன், டி.கே. முத்துசாமி. சங்கரன் என்று தட்டினால் பெரியண்ணா எப்படி வருவார்? என்.எஸ். கிருஷ்ணனின் நாடக நாட்களைத் தேடுகிறவர் ‘கலைவாணர்’ என்று தட்டினால் பாதி நழுவிப்போகும். 1925இல் இந்தச் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனியில் சேர்ந்தபோது அவர் வெறும் கிருஷ்ணன். பட்டம் பின்னால் வந்தது, அதுவும் பம்மல் முதலியார் கையால். நம் நகைச்சுவைக்கு மேடையில் வேர் எங்கே இருக்கிறது என்று ஒருவர் எழுத உட்கார்ந்தால், பபூன்களும் கிருஷ்ணன்களும் எந்தெந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறார்கள் என்று முதலில் யாராவது சொல்லியாக வேண்டும். அந்த வேலையை ஒரு மனிதர் உட்கார்ந்து செய்துதான் ஆக வேண்டும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மேடை எதையும் மிச்சம் வைக்காது. சினிமாவாவது மிஞ்சியதா என்றால், 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’, அதன் பிரதியே இன்று இல்லை. நம் ஊமைப்படங்களும் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டன. பாட்டுப் புத்தகங்கள் கொஞ்சம் பிழைத்திருக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பார்க்கலாம். கதைச் சுருக்கத்தைப் பாதி வரை சொல்லி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்திருப்பார்கள். திரையில் காண்பதற்குப் படமே இல்லாத இன்று அதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆக, பார்த்தவர்களும் நடித்தவர்களும் எழுதிவைத்ததுதான் நமக்கு ஆதாரம். அதைச் சரிபார்க்க வழி இல்லாததால்தான் ஒரு நூலில் வந்த தவறு அடுத்த பத்து நூல்களில் அப்படியே ஏறுகிறது. நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படமான ‘கீசக வதம்’ வந்த ஆண்டு 1916, 1917, 1918 என்று மூன்று விதமாகவும் அச்சில் இருக்கிறது. எந்த நூலும் தன் ஆண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லக் காணோம்.

உழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. பிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்ப் படங்களைப் பற்றி வாழ்நாள் முழுக்கச் சேர்த்த விவரங்கள் 2004இல் ஆண்டுவாரியாக ஒரு பெரிய நூலாக வந்தன. படம் வந்த ஆண்டு தெரிந்தால் போதும், எடுத்துவிடலாம். சினிமா வரலாற்று ஆய்வாளர் தியடோர் பாஸ்கரன் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து ஆதாரத்தோடு எழுதினார். அவருடைய ஆங்கில நூலுக்கு, சினிமா பற்றிய சிறந்த புத்தகம் என்று தேசிய விருதே கிடைத்தது. பழைய நூல்களை மறுபடி அச்சிடுகிறவர்களிடம் அந்தச் சிரத்தையில் கால் பங்கு கேட்கிறேன், அவ்வளவுதான்.

பக்கம் கூடும், விலை ஏறும் என்று ஒரு பதிப்பாளர் என்னிடம் சொன்னார். பெயரடைவுக்குக் கூடினால் ஒரு ஃபாரம், இரண்டு ஃபாரம் (பல பக்கங்களைச் சேர்த்து அச்சிடும் ஒரு தாள்). அட்டைக்குப் பளபளப்பும் நடிகர் ஒருவரின் அணிந்துரையும் சேர்க்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை! இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் கடைசியில் ‘அரும்பத முதலியவற்றின் அகராதி’ என்று பக்கம் பக்கமாகச் சேர்த்தவர். அதுவும் கணினி இல்லாத காலத்தில்.

பம்மல் முதலியார் மறைந்தது 1964இல். அறுபது ஆண்டு கடந்துவிட்டதால் அவர் நூல்களை யார் வேண்டுமானாலும் போடலாம், போடவும் செய்வார்கள். பத்துப் பேர் பத்து மறுபதிப்பு கொண்டுவந்தாலும், எந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டது என்று அரைப் பக்கக் குறிப்பும் கடைசியில் ஒரு பெயரடைவும் உள்ள ஒன்றைத்தான் நூலகத்துக்கு வாங்கச் சொல்லுவேன்.

உங்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. நூல் மதிப்புரைக்குக் கீழே விலை, பக்கம், பதிப்பகம் என்று ஒரு சின்னக் கட்டம் போடுகிறீர்களே, அதில் ‘பெயரடைவு: உண்டு / இல்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாலைந்து இதழ்களுக்கு வரிசையாக ‘இல்லை’ என்று வந்தால் பதிப்பாளர்களே உங்களுக்குப் போன் செய்வார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
திண்டுக்கல்