படத்தில் ஒரு முட்டை, செய்முறையில் வேறு முட்டை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'கொரியன் ஆவி முட்டை' செய்முறையை நானும் படித்தேன். படித்துவிட்டுச் சும்மாதான் இருந்திருப்பேன். ஆனால் என் தங்கை அதை வரி பிசகாமல் செய்து பார்த்துவிட்டு, "என்னக்கா, பழுப்பாவும் வரல, உப்பியும் வரல, சோடா வாடைதான் வருது" என்று போன் பண்ணினாள். நான் எட்டு வருடமாகத் தென் கொரியாவில், சுவோனில் குடியிருக்கிறவள். உங்கள் பக்கத்தை எடுத்து மறுபடி பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நீங்கள் போட்டிருக்கும் படம் ஒரு பலகாரம், எழுதியிருக்கும் செய்முறை இன்னொன்று, நடுவில் வரும் சோயா சாஸ் மூன்றாவது ஒன்றிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

படத்தில் இருக்கும் பழுப்பு முட்டை, இங்கே ஜிம்ஜில்பாங் எனப்படும் பொதுச் சூட்டறைகளில் விற்பது. ஜிம்ஜில் என்றால் நம்முடைய ஒத்தடம்தான், பாங் என்றால் அறை. அந்த முட்டைக்கு மெக்பான்சொக் கேரான் என்று பெயர். செய்முறையில் இருப்பதோ கேரான்ஜிம், அதாவது முட்டையை உடைத்து, தண்ணீர் கலந்து, மண் சட்டியில் பொங்க வைப்பது. சோயா சாஸில் ஊறப்போடுவது மயாக் கேரான். அது வேகவைத்த முட்டையை உரித்து ஊறப்போடுகிற தொடுகறி, ஆவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டால் பாவம் அவள் என்ன செய்வாள்!

முதலில் கேரான்ஜிம். இதை நான் கற்றது பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற அம்மாவிடம். இங்கே அப்படிப்பட்டவர்களை எல்லோரும் 'இமோ' என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மாவுடன் பிறந்தவள் என்று பொருள், நாம் சித்தி என்பது மாதிரி. கறி சுடுகிற கடைகளில் ஒரு காலத்தில் இந்த முட்டைச் சட்டி 'சர்வீஸ்' என்று இலவசமாகவே வரும். 'சர்வீஸ்' என்ற சொல்லுக்குக் கொரிய மொழியில் அப்படி ஒரு அர்த்தம், இனாம் என்று. இப்போது பல கடைகளில் காசு வாங்குகிறார்கள். முப்பது முட்டை கொண்ட ஒரு தட்டு 7,000 வொன்னைத் தாண்டுகிற நாட்களில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நான்கு முட்டைக்குத் தண்ணீர் முக்கால் கப் முதல் ஒரு கப் வரை. நெத்திலிக் கருவாடும் கடற்பாசியும் போட்டுக் கொதிக்கவைத்த சாறு இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் வெறும் தண்ணீரே போதும். உப்புக்குப் பதிலாக இமோ அரை ஸ்பூன் செயுஜொத் போடுவார். உப்பில் புளிக்கவைத்த குட்டி இறால், வாசனை கொஞ்சம் முரட்டுத்தனமானது, பழகிவிட்டால் விடமாட்டீர்கள். உங்கள் செய்முறை கோட்டை விட்ட இடம் இதற்கு அடுத்ததுதான். முட்டைக் கரைசலைப் பச்சையாகச் சட்டியில் ஊற்றி, மூடி, விட்டுவிடச் சொல்கிறீர்கள். அப்படிச் செய்தால் அடி கருகும், மேலே தண்ணீராக நிற்கும். இமோ தண்ணீரைச் சட்டியில் முதலில் கொதிக்கவிட்டு, அடித்த முட்டையை அதில் ஊற்றி, ஸ்பூனால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறிக்கொண்டே இருப்பார். முக்கால்வாசி திரண்டு, பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாக வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, தட்டையான மூடியை அல்ல, இன்னொரு குழிந்த சட்டியைக் கவிழ்த்து மூடுவார். இரண்டு மூன்று நிமிடம். உள்ளே எழும் ஆவி திரண்ட முட்டைக்குள் மாட்டிக்கொண்டு அதை மேலே தள்ளுகிறது. மூடி குழிவாக இருந்தால்தான் உப்புவதற்கு இடம் கிடைக்கும். திறந்ததும் கோபுரமாக நிற்கும், ஒரு நிமிடத்தில் லேசாக அமுங்கிவிடும், அது இயல்பு, உங்கள் தவறு இல்லை. கடைசியில் வெங்காயத் தாள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய். இங்கே எள்ளை வறுத்துத்தான் எண்ணெய் ஆட்டுவார்கள், அதனால் மணம் தூக்கலாக இருக்கும், கையை அடக்கி ஊற்றவும்.

சட்டி முக்கால் அளவுக்கு நிறையவில்லை என்றால் கோபுரம் வராது. பெரிய சட்டியில் இரண்டு முட்டையை ஊற்றிவிட்டு உப்பவில்லையே என்று உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கே உண்டு. சோடா? சில கடைகளில் பேக்கிங் பவுடர் போடுகிறார்கள்தான், வீட்டுக்கு அது வேண்டாம். பால் ஊற்றுகிறவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்காது. சூடான சட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், விரிசல் விடும்.

அப்புறம் படத்தில் இருக்கும் பழுப்பு முட்டை. இதற்குச் சாயமும் இல்லை, சாஸும் இல்லை. வெள்ளைக்கருவில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கிறது. நெடுநேரச் சூட்டில் அது புரதத்தோடு சேர்ந்து, ரொட்டியின் மேல்தோல் சிவப்பது மாதிரியே சிவக்கிறது. ஓட்டுக்குள்ளே, உடைக்காமலேயே. இங்கே பெரும்பாலான வீடுகளில் எலெக்ட்ரிக் பிரஷர் ரைஸ் குக்கர் உண்டு, அதில் ஆவியில் வேகவைப்பதற்கென்று 'ஜிம்' என்று ஒரு பட்டனும் இருக்கும். முட்டைகளை இரண்டு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிட வேண்டும், குளிரோடு போட்டால் வெடிக்கும். அடியில் ஈரத்துணி, ஒரு கப் தண்ணீர், ஒரு ஸ்பூன் உப்பு. ஐம்பது நிமிடம் ஓடியதும் திறந்து, முட்டைகளைப் புரட்டிவிட்டு, தண்ணீர் சேர்த்து மறுபடி ஐம்பது. மூன்றாவது சுற்றும் விட்டால் நல்ல காபி நிறம் வரும். அடுப்பில் வைக்கிற குக்கரிலும் செய்யலாம், ஆனால் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தண்ணீர் வற்றவிடக்கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை அணைத்து, ஆவி தானாக அடங்கிய பிறகே திறந்து பார்க்கவும். திறந்த பாத்திரத்தின் ஆவி 100 டிகிரியோடு நின்றுவிடும், குக்கருக்குள் 120 வரை போகும், அதனால்தான் மணிக்கணக்கு குறைகிறது. என் முதல் முயற்சியில் பொறுமை இல்லாமல் ஒரே சுற்றில் எடுத்துவிட்டேன். உரித்தால் சாதாரண அவித்த முட்டைதான், மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வேறு.

பழைய முட்டைதான் இதற்கு வாகானது. முட்டை நாள்பட நாள்பட வெள்ளைக்கருவில் காரத்தன்மை ஏறும், நிறமும் சீக்கிரம் பிடிக்கும், ஓடும் சுலபமாக உரியும். இங்கே அதைக் கண்டுபிடிப்பது ரொம்ப எளிது. 2017இல் முட்டையில் பூச்சிமருந்து கலந்த விவகாரம் பெரிதாக வெடித்த பிறகு, 2019 முதல் ஒவ்வொரு ஓட்டிலும் முட்டையிட்ட தேதியை அச்சடிக்கிறார்கள். முதல் நான்கு எண்கள் மாதமும் நாளும், கடைசி எண் கோழியை எப்படி வளர்த்தார்கள் என்பது. 1 என்றால் வெளியே மேய்ந்த கோழி, 4 என்றால் கூண்டு. நான் தட்டில் எண்ணைப் பார்த்துப் பார்த்து, பழசை ரைஸ் குக்கருக்கும் புதுசைச் சட்டிக்கும் ஒதுக்கி வைப்பேன்.

ஜிம்ஜில்பாங்கில் வேர்த்து வெளியே வந்து, முட்டையைப் பக்கத்தில் இருப்பவர் தலையில் தட்டி உடைத்து, ஷிக்கே என்னும் இனிப்பான அரிசிப் பானத்தோடு சாப்பிடுவார்கள். மெல்லும்போது லேசான வறுத்த வாசனை, வெள்ளைக்கரு கொஞ்சம் இழுபடும்.

அடுத்த வாரம் சின்னதாக ஒரு திருத்தம் போட்டால் போதும்: படத்தை மாற்றவும், சோயா சாஸை எடுக்கவும், 'மூடி விடவும்' என்பதற்கு முன்னால் 'அடியைச் சுரண்டிக் கிளறவும்' என்று ஒரு வரி சேர்க்கவும். தங்கை இரண்டாவது தடவை செய்து பார்க்கக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
சுவோன், தென் கொரியா