ஆம்பர் விளக்கும் ஆறு ரப்பர் புஷ்ஷும்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும், உன் வேனுக்கு நீ செய்கிற எச்சரிக்கை விளக்கின் நான்கு படங்களும் வந்து சேர்ந்தன. படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததில் ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. சால்டர் (ஈயப்பற்று) வைத்த புள்ளிகள் எல்லாம் பளபளவென்று சின்னக் கூம்பு மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுகூட மங்கலாகவோ உருண்டையாகவோ இல்லை. கை நன்றாகப் பழகிவிட்டது உனக்கு. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நடுவழியில் வண்டி நின்றுபோனவர்களுக்கு ராத்திரியில் உதவப் போகிற வேலை உன்னுடையது. சாலை ஓரத்தில் வேனை நிறுத்திவிட்டு இறங்கிக் குனிந்து வேலை பார்க்கிறாய். பின்னால் வருகிறவர் உன்னைப் பார்த்தாரா இல்லையா என்று உனக்குத் தெரியாது. வேனின் பின்பக்கத்துக்கு எல்ஈடி எச்சரிக்கை விளக்கு நானே செய்கிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும், "கடையில் வாங்கிவிட்டால் என்ன?" என்று அம்மா கேட்டாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாமே செய்த விளக்கில் எந்த வயர் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். அணைந்துபோனால் இருட்டிலும் கை நேராக அந்த இடத்துக்குப் போகும். ஆனால் நல்ல கம்பெனி விளக்கு என்றால் யாரோ ஒருவர் அதைத் தண்ணீரில் நனைத்து, குலுக்கி, சூட்டில் வைத்துப் பார்த்திருப்பார். உன் விளக்குக்கு அதையெல்லாம் நீயேதான் செய்து பார்க்க வேண்டும்.

செய்யும்போது ஒரே ஒரு ராத்திரியை மனதில் வைத்துக்கொள். மழை, பேட்டரி இறங்கிவிட்டது, பின்னால் வருகிற டிரைவர் பன்னிரண்டு மணி நேரமாகத் தூங்காதவர். அந்த ராத்திரிக்குத்தான் இந்த விளக்கு. மேஜை மேல் பவர் சப்ளையில் எரிவதைப் பார்த்து எதையும் முடிவு செய்துவிடாதே.

படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர்தான். ஒரு வரிசைக்கு ஐந்து ஆம்பர் எல்ஈடி, கூடவே ஒரு 150 ஓம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆம்பர் எல்ஈடி ஒன்றுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஐந்துக்கு 10.5. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்று சொல்கிறோமே தவிர, என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் அதை 14.4 வரைக்கும் ஏற்றிவிடும். மீதி 3.9 வோல்ட் 150 ஓமில் விழுந்தால் 26 மில்லியாம்ப் ஓடும். அந்த 5 மில்லிமீட்டர் எல்ஈடியின் வரம்போ 20. உடனே எரிந்துபோகாது, ஆனால் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிடும். அதைவிட எனக்குக் கவலை தருவது அடுத்த பக்கம். பேட்டரி இறங்கி 11 வோல்ட்டுக்கு வந்துவிட்டது என்று வை. மீதி அரை வோல்ட், மூன்று மில்லியாம்ப்புக்குச் சற்று மேல்தான் வரும். வண்டி சரியாக இருக்கும்போது பிரகாசமாக எரிந்து, வண்டி படுத்துவிட்ட அன்றைக்கு மினுக்கட்டாம்பூச்சி மாதிரி ஆகிவிடும் விளக்கு அது.

வரிசைக்கு நான்காகக் குறைத்து 330 ஓம் போடு. 14.4 வோல்ட்டில் 18 மில்லியாம்ப், 11 வோல்ட்டிலும் ஏறக்குறைய 8 கிடைக்கும். ரெசிஸ்டரில் கொஞ்சம் மின்சாரம் வீணாகிறதுதான். ஆகட்டும். ஒரு விளக்குக்கு இருபத்துநான்கு எல்ஈடி, அதாவது ஆறு வரிசை. வேனின் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று என்று வைத்தால், இரண்டு விளக்கும் சேர்ந்து 220 மில்லியாம்ப்புக்குள் அடங்கிவிடும். பாதி நேரம் அணைந்திருப்பதால் பத்து மணி நேரம் எரிந்தாலும் ஒரு ஆம்பியர்-மணிக்குச் சற்றுக் கூடத்தான் செலவாகும். பேட்டரிக்கு அது ஒரு பாரமே இல்லை.

சிமிட்டுவதற்கு 555 டைமர் ஐசி போட்டிருக்கிறாய். நான் ரேடியோ பழுது பார்த்த நாளிலிருந்து பழகிய ஐசி அது. 1972-இல் சந்தைக்கு வந்தது, இன்றைக்கும் கிடைக்கிறது. ஆனால் நீ வைத்திருக்கும் மதிப்புகளைப் பார்த்தால் நொடிக்கு எட்டுத் தடவைக்கு மேல் மின்னும் போலிருக்கிறது. வேண்டாம்மா. நொடிக்கு மூன்றுக்கு மேலே போகும் மின்னல்கள் வலிப்பு உள்ள சிலருக்கு வலிப்பை வரவழைத்துவிடும். அப்படி எதுவும் இல்லாதவருக்கும் படபடவென்று வெட்டும் விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்ட வேண்டும் என்று ஐ.நா. வாகன விதிகளில் இருக்கிறது. அந்த நடுவிலேயே நீயும் நில். 1 கிலோ ஓம், 47 கிலோ ஓம், 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் போட்டால் நொடிக்கு ஒன்றரைத் தடவை, நிமிடத்துக்குத் தொண்ணூறு. கெப்பாசிட்டர் 25 வோல்ட், 105 டிகிரி என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்கு. மூடிய வேனுக்குள் வெயிலில் 85 டிகிரி சரக்கு சீக்கிரம் காய்ந்துபோகும்.

555-ஐ நேராக எல்ஈடிகளோடு கட்டாதே. நடுவில் சுவிட்ச் மாதிரி வேலை செய்கிற ஒரு IRFZ44N மாஸ்ஃபெட்டை வை, சுமையை அது சுமக்கட்டும். ஐசிக்குப் போகிற வரியில் 100 ஓம், அதற்குப் பின்னால் மிஞ்சுகிற வோல்ட்டை வெட்டிவிட 15 வோல்ட் ஜீனர் டையோடு, 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். சாதாரண 555-இன் வரம்பு 16 வோல்ட்தான். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல் ஒரு கணம் லூஸாகிவிட்டால் ஆல்டர்னேட்டரிலிருந்து அதைப் போலப் பல மடங்கு பாய்ந்து வரும். லூஸான டெர்மினல்களைத் தினமும் பார்க்கிறவள் நீ, இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். சிவப்பும் நீலமும் சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று. எடுப்பாக இருக்கும். ஆனால் பல நாடுகளில் நீலம் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும் என்று சட்டம். சட்டத்தை விடு, எதிராளியின் மனதை நினைத்துப் பார். நீலத்தைப் பார்த்தால் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்குவதற்கு இடம் தேடுவார், அவர் ஒதுங்கும் ஓரத்தில் நீ நின்றுகொண்டிருப்பாய். சிவப்பு பிரேக் விளக்கோடு கலந்துவிடும், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். ஆம்பரைப் பார்த்தால் ஏதோ நிற்கிறது, மெதுவாகப் போக வேண்டும் என்று எல்லாருக்கும் புரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறார். அவரை யோசிக்க வைக்கிற ஒவ்வொரு நொடியும் உன்னை நோக்கி வருகிற 22 மீட்டர். ஆம்பர் போதும். அதற்கும்கூட உன் ஊரில் அனுமதி வேண்டுமா என்று போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் டிரில்லை எடு.

நான் முதன்முதலில் செய்த விளக்கில் ஒரு தப்பு நடந்தது. மேஜையில் வைத்துப் பார்த்தபோது கண் கூசியது, எனக்கு ஒரே பெருமை. இருட்டினதும் அம்மாவை வண்டியில் உட்கார வைத்து சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு நான் நடந்து போனேன். ஐம்பது அடியில் நேராக நின்றால் பளிச்சென்று தெரிந்தது. சில எட்டு இடதுபக்கம் வைத்தேன், காணோம்! சாம்பல் மாதிரி ஒரு வெளிச்சம்தான் மிச்சம். 15 டிகிரி கோணத்தில் மட்டும் ஒளியை வீசும் எல்ஈடிகளை வாங்கியிருந்தேன். சாலை வளைவில் வருகிற ஒருவர் அந்த நேர்க்கோட்டுக்கு வரும்போது எனக்கு மிக அருகில் வந்துவிட்டிருப்பார். அகலக் கோணத்தில் வீசும் எல்ஈடிதான் உனக்கு வேண்டும். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ரொம்பக் கூசினால் அதுவும் ஆபத்துதான், விளக்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது. உன்னையும் சேர்த்துத்தான்.

விளக்கை எங்கே பொருத்துவது என்பதை நீ எழுதவில்லை, ஆனால் மூன்றாவது படத்தில் பின்கதவில் பென்சிலால் குறி போட்டிருப்பது தெரிகிறது. உன் வேனின் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் கதவு. கருவிகளை எடுக்க அதைத் தூக்கியதும் விளக்கு வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். வேலை நடக்கும் நேரம் முழுவதும் கதவு திறந்துதான் இருக்கப்போகிறது. கதவை விட்டுவிட்டு இரண்டு பக்கத் தூண்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக வை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து சிமிட்டட்டும், அப்போதுதான் வேனின் அகலம் தெரியும். உயரமாக வை. நீ குனிந்து நிற்கும்போது உன் உடம்பே விளக்கை மறைத்துவிடக் கூடாது.

இப்போது ஃபியூஸ். நீ அனுப்பிய நான்கு படத்திலும் ஃபியூஸ் இல்லை.

உனக்கு அப்போது ஆறு வயது, ஞாபகம் இருக்குமோ என்னவோ. முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "அப்பா, ஏதோ கருகுது" என்றாய். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை, வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சொன்னாய், இந்தத் தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு. திரும்பிப் பார்த்தால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு வெள்ளைப் புகை. ஓரங்கட்டி உன்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் ஒரு மரத்தடியில் நிற்க வைத்துவிட்டு ஓடிவந்தேன். ஸ்பேனர் கையில் நிற்கவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவதற்குள் என் விரலில் தோல் உரிந்துவிட்டது. கழற்றியதும் புகை நின்றது.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். விளக்குக்கு நான் இழுத்திருந்த வயர் ஒரு தகரத் துளை வழியாகப் போகிறது. துளையின் விளிம்பில் நான் எதையும் மாட்டவில்லை. வண்டி ஆட ஆட, அந்த விளிம்பு வயரின் மேல்தோலை ஒரு நகக்கீறல் அளவுக்கு அறுத்துவிட்டிருந்தது. அவ்வளவுதான், செம்பு பாடியில் பட்டு ஷார்ட். விளக்கு இழுப்பது கால் ஆம்ப்கூட இல்லை, ஆனால் ஷார்ட் ஆகும்போது பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்ப்பைத் தள்ளும், வயர் அடுப்புக் கம்பி மாதிரி ஆகிவிடும். துளையிலிருந்து பேட்டரி வரைக்கும் மேல்தோல் உருகி, தரைவிரிப்பில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளித்தான் நீ உட்கார்ந்திருந்த சீட்.

அதனால் ஃபியூஸ் விளக்குப் பக்கத்தில் இருந்தால் போதாது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அதற்கு முன்னால் ஓடுகிற வயருக்கு யாரும் காவல் இல்லை. ஒரு ஆம்ப் ஃபியூஸ் போதும். சாவியைத் தொடாத தனி இணைப்பாக எடு, சாவியைக் கழற்றினாலும் விளக்கு எரிய வேண்டும். தகரத்தில் நீ போடும் ஒவ்வொரு துளையிலும் விளிம்பை மூடுகிற ரப்பர் புஷ், வயர் மேல் நெளிவுக் குழாய், ஒரு சாணுக்கு ஒரு கட்டு. வயர் முனைகளைச் சால்டர் வைக்காமல் லக் (உலோக முனை) போட்டு நன்றாக அழுத்தி மாட்டு. சால்டர் இழைகளுக்குள் ஊறி ஒரு இடத்தில் வயரை விறைப்பாக்கிவிடும், அதிர்வில் அந்த இடத்தில்தான் முறியும்.

கடைசியாகத் தண்ணீர். பெட்டியை சிலிக்கோன் பசை போட்டு மூடப்போகிறாய் இல்லையா? டியூபைத் திறந்து முகர்ந்து பார். வினிகர் மாதிரிப் புளிப்பு வாசனை வந்தால் அதை வைக்காதே. காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும், மூடின பெட்டிக்குள் அது செம்பைத் தின்னும். நியூட்ரல் க்யூர் என்று போட்ட டியூபை வாங்கு. எவ்வளவு மூடினாலும் உள்ளே ஈரம் வேர்க்கும். பெட்டியின் அடியில் 2 மில்லிமீட்டருக்கு ஒரு துளை விடு, இறங்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் ராத்திரியில் யாரையாவது சுவிட்ச் அருகில் நிற்க வைத்துவிட்டு நூறு தப்படி நடந்து போய்த் திரும்பிப் பார். நேராக, இடதிலிருந்து, வலதிலிருந்து, கதவைத் திறந்து வைத்து. மழை பெய்கிற ஒரு நாளும் பார். என்ன தெரிந்தது என்று அப்படியே எனக்கு எழுது. விளக்கு வந்துவிட்டது என்று பிரதிபலிப்பு முக்கோணத்தை வைக்காமல் விட்டுவிடாதே. அதற்கு வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். அதில் ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, ஒரு ஆம்ப் ஃபியூஸ் ஐந்து, ரப்பர் புஷ் ஆறு. நீ போடப்போவது 12 மில்லிமீட்டர் துளை என்று எழுதியிருந்தாய், அந்த அளவுதான். நான்கு போதும் உனக்கு, இரண்டு கையிருப்புக்கு. மாட்டுவதற்கு முன்னால் துளையின் விளிம்பை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்.

அன்புடன்,
அப்பா