எண்ணெய் மட்டும் விடுபட்ட தடைப் பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட 1919 வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைதான் அடுத்த போருக்கு வித்து என்று முடிகிறது. முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்திய நானும் கரும்பலகையில் அதைத்தான் எழுதிப்போட்டேன். அந்த விடை போதாது என்று ஓய்வுபெற்ற பிறகே உணர்ந்தேன்.

தன் மேற்கு எல்லைகளை மதிப்பதாக ஒப்புக்கொண்ட 1925 லோகார்னோ ஒப்பந்தத்துக்குப் பின் ஜெர்மனி, அமைதி காக்க நாடுகள் அமைத்த பன்னாட்டுச் சங்கத்தில் (League of Nations) சேர்ந்தது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெஸ்மானும் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பிரியாண்டும் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 1928 தேர்தலில் நாஜிகள் பெற்றது 2.6 சதவீத வாக்குதான். அது 37 சதவீதமானது, 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவான பெருமந்தத்துக்குப் பிறகு, 1932 ஜூலையில்.

கட்டுரையில் அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியா) ஒரே வரி. என் ஆற்றாமை அங்கேதான். 1935 அக்டோபர் 3 அன்று முசோலினியின் படை உள்ளே நுழைந்தது. அடித்த நாடும் அடிபட்ட நாடும் சங்கத்தின் உறுப்பினர்கள். இத்தாலி மீதுதான் குற்றம் என்று சொல்லிப் பொருளாதாரத் தடையும் போட்டது சங்கம். ஆனால் லாரிக்கும் விமானத்துக்கும் உயிரான எண்ணெய் அந்தப் பட்டியலில் இல்லை! இத்தாலியக் கப்பல்கள் படைகளையும் நச்சு வாயுவையும் சூயஸ் கால்வாய் வழியாகவே கொண்டுபோயின. கால்வாயைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த பிரிட்டன் அதை மூடவில்லை. டிசம்பரில், பெரும் நிலப்பரப்பை இத்தாலிக்கே விட்டுக்கொடுக்க பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரெஞ்சுப் பிரதமர் லவாலும் போட்ட ரகசியத் திட்டம் பத்திரிகைகளில் அம்பலமானது. எண்ணெயையும் நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் பின்வாங்கியிருப்பேன் என்று முசோலினி பின்னாளில் ஹிட்லரிடம் சொன்னதாக ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான், 1936 மார்ச்சில், பிரான்ஸை ஒட்டிய ஜெர்மன் பகுதியான ரைன்லாந்துக்குள் ஹிட்லர் படையை அனுப்பினார். அங்கே படை வைப்பதில்லை என்பது வெர்செய்ல்ஸில் திணிக்கப்பட்ட விதி மட்டுமல்ல. லோகார்னோவில் ஜெர்மனி தானே மனமொப்பிக் கொடுத்த வாக்கும்கூட. கட்டுரையாளர் இதையாவது குறிப்பிட்டிருக்கலாம்.

ஜூன் 30 அன்று ஜெனீவாவில், சங்கத்தின் சபையில், அபிசீனியப் பேரரசர் ஹைலி செலாஸி பேச எழுந்தபோது இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசிலடித்தார்கள். அவர் பொறுமையாகக் காத்திருந்து, தம் மக்கள் மீது வானிலிருந்து நஞ்சு பொழிந்த கதையை அம்ஹாரிக் மொழியில் சொன்னார். அடுத்த மாதமே தடைகளை எடுத்துவிட்டார்கள்.

அந்த உரையை முழுமையாகத் தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெர்செய்ல்ஸ் விதிகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் கையில் அதுவும் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர்