பில்லைக் கையில் கொடுத்துத் தேர்வு வையுங்கள்

கணினிக் கணக்கியல், அலுவலகத் திறன் பயிற்சிக்குப் பாடத்திட்டமும் தேர்வும் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்துச் செய்முறைத் தேர்வும் பழைய அச்சிலேயே வந்திருக்கிறது. டேலி கணக்கு மென்பொருளில் ஒரு நிறுவனத்தை உருவாக்கு, பத்து லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) போடு, பதினைந்து வவுச்சர் (வரவு செலவுச் சீட்டு) பதிவு செய், இருப்புநிலைக் குறிப்பை அச்செடுத்துக் கொடு. "ரொக்கத்துக்குச் சரக்கு வாங்கியது ரூ.10,000" என்று கேள்வியிலேயே எல்லாம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எது கொள்முதல், எது செலவு, யார் பெயரில் வரவு என்று மாணவர் யோசிக்க அதில் இடமே இல்லை. அடிக்கத் தெரிந்தால் போதும், தேர்ச்சி.

வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் இப்படி வாக்கியம் எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு பையில் பில்லைப் போட்டுக் கொடுத்து, "இந்த மாசக் கணக்கை ஏத்திடும்மா" என்பார்கள். உங்கள் சான்றிதழோடு போகும் பிள்ளைகள் நிலைகுலைவது அந்தப் பையின் முன்னால்தான். ஆகவே கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: செய்முறைத் தேர்வை, ஒரு மாதத்துப் பில் கட்டையும் பாங்க் ஸ்டேட்மென்ட்டையும் கையில் கொடுத்து நடத்துங்கள்.

ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கடைக்குப் பெங்களூரிலிருந்து சரக்கு வந்திருக்கிறது. சரக்கு மதிப்பு 48,600 ரூபாய். அதன் கீழே வண்டி வாடகை 1,400. இரண்டும் சேர்ந்து 50,000. அதற்கு 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (வெளிமாநிலச் சரக்குக்கான ஜி.எஸ்.டி.) 9,000. மொத்தம் 59,000. பில் தேதி மார்ச் 30. சரக்கு இறங்கியது ஏப்ரல் 4.

இந்தப் பில்லைப் பயிற்சி முடித்தவரிடம் கொடுத்தால் நடப்பது இது. வகுப்பில் போட்ட கொள்முதல் பதிவுகள் எல்லாமே உள்மாநிலக் கொள்முதல் என்பதால், கை தன்னால் வரியை சி.ஜி.எஸ்.டி. (மத்திய அரசின் பங்கு), எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில அரசின் பங்கு) என்று இரண்டாகப் பிரிக்கும். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண் 29 என்று தொடங்குகிறது, அது கர்நாடகம். நம்முடையது 33 என்று தொடங்கும். முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்த பிறகுதான் வரித் தலைப்பைத் தொட வேண்டும் என்பது வகுப்பில் சொல்லப்பட்டிருக்கலாம். பில்லில் பார்த்துப் பழகியதில்லை. அடுத்து வண்டி வாடகை. அதை வெறும் செலவாகத் தனியே போட்டு, சரக்குக்கு மட்டும் வரி கணக்கிட்டால் 8,748 வரும். கூட்டினால் 58,748. பில்லோ 59,000 என்கிறது. 252 ரூபாய் இடிக்கிறது. பிள்ளை என்ன செய்யும்? ரவுண்ட் ஆஃப் லெட்ஜரில் 252 ரூபாயைத் தள்ளிவிட்டு, கன்ட்ரோல்+ஏ அடித்துப் பதிவை முடித்துவிடும்.

ரவுண்ட் ஆஃப் என்பது பைசாவுக்கான இடம். ஐம்பது பைசாவைத் தாண்டி ஒரு தொகை அங்கே நின்றால், பதிவில் எங்கோ பிழை என்று பொருள். இதை எந்தப் பாடநூலும் அழுத்திச் சொல்வதில்லை, எந்தத் தேர்வும் சோதிப்பதில்லை. சோதிக்கவும் முடியாது, ஏனென்றால் உங்கள் கேள்விகளில் எல்லாத் தொகையும் ஆயிரத்தில் முடிகிறது.

பிறகு மறு மாதம் 14-ஆம் தேதி விற்றவர்கள் கணக்குக் காட்டிய பில்களின் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி வருகிறது. அதில் ஐ.ஜி.எஸ்.டி. 9,000 என்று இருக்கிறது. புத்தகத்தில் சி.ஜி.எஸ்.டி. 4,374, எஸ்.ஜி.எஸ்.டி. 4,374. 20-ஆம் தேதிக்குள் மாத ஜி.எஸ்.டி. கணக்கான 3பி-யைத் தாக்கல் செய்ய வேண்டிய ஆடிட்டர் அலுவலகம் இதை எடுத்துக்கொண்டு தடுமாறுகிறது. போதாததற்கு, சரக்கு கைக்கு வந்த பிறகே இன்புட் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியும் என்பதால் மார்ச் 30 தேதியிட்ட இந்தப் பில்லை எந்த மாதத்தில் எடுப்பது என்பதே தனிக் கேள்வி. மார்ச் 31-ஆம் தேதி சரக்கிருப்பில் அது சேருமா, இன்னும் வந்து சேராத வழிச்சரக்காகக் காட்டுவதா என்பது இன்னொன்று. ஒரு தாளுக்குள் இத்தனை இருக்கிறது. "சரக்கு வாங்கியது ரூ.10,000" என்ற வரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு உண்மையையும் நீங்கள் அறிவீர்கள். பல பயிற்சி மையங்களில் மென்பொருள் எஜுகேஷனல் மோடில்தான் ஓடுகிறது. கற்பவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் வசதி அது, அதில் தவறில்லை. ஆனால் அந்த மோடில் மாதத்தின் 1, 2 தேதிகளிலும் கடைசி நாளிலும் மட்டுமே வவுச்சர் போட முடியும். ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கும் ஒரு பிள்ளை, 14-ஆம் தேதி என்று ஒரு பதிவுகூடப் போட்டதில்லை! எல்லா விற்பனையும் ஒன்றாம் தேதி, எல்லா வசூலும் இரண்டாம் தேதி. இதை வைத்துக்கொண்டு முப்பது நாள் தாண்டிய பாக்கி எது, அறுபது நாள் தாண்டியது எது என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது? 9-ஆம் தேதி கொடுத்த செக் 13-ஆம் தேதி பாங்கில் பாஸ் ஆனதை எப்படிக் காட்டுவது? நம் புத்தகத்தையும் பாங்க் கணக்கையும் ஒத்துப்பார்க்கும் பாங்க் ரிகன்சிலியேஷன் என்ற பாடமே தேதியின் மேல் நிற்பது. தேதியைப் பிடுங்கிவிட்டு அந்தப் பாடத்தை நடத்தியதாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள்.

தேர்வே உண்மையான தேதிகளோடு பில் கட்டிலிருந்து வந்தால், மையங்கள் உரிமம் வாங்காமல் தப்ப முடியாது. இன்றைய வினாத்தாள் அந்த மூன்று தேதிகளுக்குள் அடங்குவதால்தான் இந்தக் குறை இத்தனை காலம் ஓடுகிறது.

பாங்க் ஸ்டேட்மென்ட்டை ஏன் சேர்த்துக் கேட்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கார்டு மெஷினில் 20,000 ரூபாய் விற்பனை நடந்தால் கணக்கில் 20,000 வராது. ஒரு சதவீதம் கமிஷன் என்று வைத்தால் 200, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36, போக 19,764 வரும். ஸ்டேட்மென்ட்டில் கண்ட தொகையை அப்படியே ரசீதாகப் போட்டுவிட்டால் 236 ரூபாய் யார் பெயரிலோ பாக்கியாகத் தொங்கும். தினமும் இப்படி நடந்தால் மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் நம்ப முடியாததாகிவிடும். வித்தியாசத்தைத் தேடும் முறையும் கற்றுத்தர வேண்டியது. 5,490-ஐ 5,940 என்று அடித்தால் 450 இடிக்கும். இடிக்கும் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அதே தொகையில் ஒரு பதிவு இருந்தால், பற்று வரவு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய குமாஸ்தாக்கள் பேரேட்டில் செய்த இந்த வேலை கணினி வந்த பிறகும் மறையவில்லை. பற்றும் வரவும் சமமா என்று காட்டும் டிரயல் பேலன்ஸ் தானாகச் சமமாகிவிடுவதால், பிழை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

பில்வாரியாகக் கணக்கு வைப்பதும் இப்படியே. வசூல் வரும்போது "அகைன்ஸ்ட் ரெஃபரன்ஸ்" கொடுத்து எந்தப் பில்லுக்கு வந்தது என்று சேர்க்க வேண்டும். வகுப்பில் அவசரத்துக்கு, எந்தப் பில் என்று சொல்லாமல் "ஆன் அக்கவுன்ட்" என்று தட்டிப் பழகியவர்கள் வேலையிலும் அதையே தட்டுகிறார்கள். மூன்று மாதம் போனால் எந்தப் பில்லுக்குப் பணம் பாக்கி என்று முதலாளிக்கே தெரியாது.

கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கொள்குறி வினாக்களில் கிரெடிட் நோட்டுக்கு (விற்ற சரக்கு திரும்பி வந்தால் வாங்கியவருக்குத் தரும் வரவுச் சீட்டு) எந்தக் கீ என்று இன்னமும் கேட்கிறீர்கள்; விடைக்குறிப்பில் கன்ட்ரோல்+எஃப்8 என்று இருக்கிறது. அது டேலியின் பழைய பதிப்பான ஈ.ஆர்.பி. 9 காலத்துக் கீ. 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தபோதே அது ஆல்ட்+எஃப்6 ஆகிவிட்டது. புதிய மென்பொருளில் ஒழுங்காகப் பழகிய மாணவிக்கு அந்தக் கேள்வியில் பூஜ்யம், பழசையே மனப்பாடம் செய்தவருக்கு முழு மதிப்பெண். வரி விகிதமும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் மாறிவிட்டன. மாதிரி வினாத்தாளில் 12 சதவீதம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு வினாத்தாளைத் திருத்தவே மனம் வராதவர்கள், பயிற்றுநர்களிடம் மட்டும் தினமும் விரல்ரேகை வருகையும் புகைப்படமும் கேட்கிறீர்கள். எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்ற எண்ணிக்கை உங்கள் அறிக்கையில் பெரிய எழுத்தில் வருகிறது. சேர்ந்த வேலையில் மூன்றாவது மாதமும் இருக்கிறார்களா என்ற பத்தியே அதில் கிடையாது. "கோர்ஸ் முடிச்சவங்க வேண்டாம், அனுபவம் உள்ளவங்களை அனுப்புங்க" என்று நிறுவனங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது பயிற்றுநர்களும் பிள்ளைகளும்தான். அந்த அனுபவம் என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் பில் பார்க்கத் தெரிவதைத்தான்.

அலுவலகத் திறன் பகுதியிலும் இதே குறை. எக்செலில் பார்முலாக்களின் பட்டியலைக் கேட்கிறீர்கள். பாங்கிலிருந்து இறக்கிய ஸ்டேட்மென்ட்டில் தொகைகள் எழுத்தாக வந்து உட்கார்ந்துகொள்ளும், கூட்டினால் பூஜ்யம் காட்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டிய ஒரு இடைவெளியால், பெயரைத் தேடி எடுக்கும் வி-லுக்அப் பார்முலா கைவிரிக்கும். 03/04 என்பது ஏப்ரல் 3 ஆகவும் மார்ச் 4 ஆகவும் புரட்டப்படும். இப்படிக் கெட்டுப்போன ஒரு கோப்பைக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னால் போதும், யாருக்கு எக்செல் தெரியும் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறோம்: பில் கட்டிலிருந்து தேர்வு வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு நாற்பது தாள் போதும். பதினைந்து கொள்முதல் பில், பதினைந்து விற்பனைப் பில், எட்டுச் செலவுச் சீட்டு, ஒரு பாங்க் ஸ்டேட்மென்ட், ஒரு 2பி அச்சுப்படி. அதில் ஐந்து இடத்தில் வேண்டுமென்றே சிக்கல் வையுங்கள்: ஒரே பில்லின் இரண்டு நகல், ஜி.எஸ்.டி. எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ, வெளிமாநிலப் பில், 2பி-யில் வராத பில், முதலாளியின் வீட்டுச் செலவு ஒன்று. மதிப்பெண்ணில் பாதியைப் பதிவுக்கும், மீதியைப் பாங்கும் 2பி-யும் சரிபார்ப்பதற்கும், கடைசியில் மாணவர் எழுதித் தரும் சந்தேகப் பட்டியலுக்கும் கொடுங்கள். தெரியாததை ஊகித்துப் பதிவு போடாமல், "இந்தப் பில்லைப் பற்றி இதைக் கேட்க வேண்டும்" என்று எழுதி வைக்கத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் விடாது. அதற்கு இன்றைய தேர்வில் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

திருத்துவது கடினம் என்பீர்கள். ஒரே கட்டு, ஒரே விடை டிரயல் பேலன்ஸ். ஒவ்வொரு சிக்கலும் தவறிப்போனால் எந்த லெட்ஜரில் எவ்வளவு இடிக்கும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் பிழையைத் தேட வேண்டியதில்லை. பெயரும் எண்ணும் கற்பனையாக வைத்து ஆறு மாதிரிக் கட்டுகளை விடையோடு தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்குப் பணம் வேண்டாம். அடுத்த பருவத்து வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன் எங்களில் இருவரையாவது அழைத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினிக் கணக்கியல் பயிற்றுநர்கள்